பிறர் பாவமும் கண்டிக் கிறிஸ்தவமும்

பிறரைத் தீர்ப்பிடாதே என்று சொல்லாத பிரசங்கம் கிடையாது. பிறரைத் தீர்ப்பிடாத சபையும் கிடையாது. இது உலகக் கிறிஸ்தவம் முழுவதற்கும் பொதுவான முரண். ஆனால் அதை நெருங்கிப் பார்க்கக் கண்டியில் ஒரு வசதி இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே அங்கிலிக்கரின் புனித பவுல் ஆலயம் நிற்கிறது. அம்பிட்டியவில் கத்தோலிக்கக் குருமடம், பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி, நாலாபக்கமும் தேயிலைத் தோட்டங்களின் சின்னச் சின்னக் கோயில்கள். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் கிறிஸ்தவர் ஏறத்தாழ ஏழரை விழுக்காடு. கண்டி மாவட்டத்தில் அதைவிடவும் குறைவு. ஆனாலும் பிறர் பாவத்தைப் பற்றி இந்தச் சிறுபான்மை சொன்னதும் செய்ததுமாக முந்நூற்றறுபது ஆண்டுப் பதிவு இந்த மலைகளுக்குள் கிடக்கிறது. அதைப் புரட்டும்போது எனக்கு எழும் கேள்வி, எந்தப் பாவம் இவர்கள் கண்ணில் படுகிறது, எது படாமலே போகிறது என்பதுதான்.

தீர்ப்பிடலாமா என்ற பழைய விவாதத்தை வேதத்தை வைத்து முடித்துவிட முடியாது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே பகுதி ஐந்தாம் வசனத்தில் எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்பவர் குறைவு: தன் கண்ணின் உத்திரத்தை எடுத்துவிட்டால் சகோதரனின் கண் துரும்பை எடுக்கப் பார்வை தெளியும் என்கிறது அது. துரும்பு எடுக்கும் வேலையை அது ஒழித்துவிடவில்லை. அதே சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம் முறையே வகுத்துத் தருகிறது: முதலில் தனியாகப் போய்ப் பேசு, பிறகு ஓரிரு சாட்சிகளோடு போ, அதற்குப் பிறகுதான் சபை. யோவான் 7இல் இயேசுவே நீதியான தீர்ப்புச் செய்யச் சொல்கிறார். பவுல் 1 கொரிந்தியர் 5இல் ஒரு எல்லைக்கோடு போடுகிறார்: சபைக்கு உள்ளே இருப்பவனைச் சபை விசாரிக்கலாம், வெளியே இருப்பவன் கடவுளின் பொறுப்பு. அதே அதிகாரத்தில் விபசாரக்காரனோடு சேர்த்து, பொருளாசைக்காரனையும் கொள்ளைக்காரனையும் ஒரே வரிசையில் வைக்கிறார். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; கண்டியின் கதை பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிய கதை.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவான் 8இல் இருக்கிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. தங்கள் மனைவிமாருக்கு இது துணிச்சல் கொடுத்துவிடும் என்று பயந்தவர்கள் வெட்டி எறிந்திருப்பார்கள் என்று அகுஸ்தீனார் சந்தேகப்பட்டார். அவர் ஊகம் சரியோ தவறோ, ஆண்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எகிப்தியப் பாலைவனத் துறவி மோசே, ஒரு சகோதரனை விசாரிக்கக் கூடிய சபைக்கு ஓட்டைக் குடத்தில் நீர் சுமந்து போனார் என்பது இன்னொரு பழங்கதை. பின்னால் ஒழுகிக்கொண்டே வருகிறது, எனக்குத் தெரியவில்லை, நானா இன்னொருவனை விசாரிப்பது என்றாராம். சபை அவனை மன்னித்தது. அழகான கதை. ஆனால் அந்தச் சகோதரன் யாருக்காவது தீங்கு செய்திருந்தால், அந்த யாரோ அன்று என்ன நினைத்திருப்பார் என்று கதை சொல்வதில்லை.

கண்டி மக்களின் பாவங்களைப் பட்டியல் போட்டு அச்சிட்ட கிறிஸ்தவர்களில் நாம் நன்கறிந்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டபோது வயது பத்தொன்பது. இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் லண்டனில் வந்த அவருடைய நூல் நமக்கு இன்றும் பெரும் ஆவணம். அதில் கண்டியரை அவர் எடைபோடுகிறார். களவை வெறுப்பவர்கள், ஆனால் பொய்க்குக் கூசாதவர்கள் என்கிறார். கல்யாணத்தையும் பிரிவையும் அவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வதைக் கண்டு முகம் சுளிக்கிறார். உடன் சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பமாகிவிட, நொக்ஸ் எலதெத்த கிராமத்தில் சில பிரம்மச்சாரிகளோடு பெண் வாடையில்லாத வீடு ஒன்றை நடத்தினார். தற்செயலாகக் கிடைத்த ஆங்கில வேதாகமத்தைத் தினமும் வாசித்தார். பக்திமான், சந்தேகமில்லை.

அதே நூலில் அவர் பிழைத்த வழியும் இருக்கிறது. தொப்பி பின்னி விற்றார். கையில் நெல் சேர்ந்ததும் அக்கம்பக்கத்தாருக்குக் கடன் கொடுத்தார்; வட்டி ஆண்டுக்கு ஐம்பது விழுக்காடு. ஊர் வழக்கமே அதுதான் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். ஊர்க் கல்யாண வழக்கம் பாவமாகத் தெரிந்த கண்ணுக்கு ஊர் வட்டி வழக்கம் வசதியாகத் தெரிந்தது. ஊர் திரும்பிய பிறகு கிழக்கிந்தியக் கம்பனிக்காக டொன்குவின் மேர்ச்சன்ட் என்ற கப்பலுக்குத் தலைவரானார். மடகஸ்காரிலிருந்து அடிமைகளை ஏற்றி சென்ற் ஹெலினாவுக்குக் கொண்டுபோகும் வேலையும் அதில் சேர்ந்திருந்தது. பத்தொன்பது ஆண்டு கைதியாக இருந்த மனிதர்! நொக்ஸை மட்டும் பழித்துப் பயனில்லை. அவர் காலத்துப் பக்திக்குப் படுக்கையறை தெரிந்தது, பணப்பெட்டி தெரியவில்லை.

நொக்ஸ் தப்பிப் பதின்மூன்று ஆண்டு கழித்துக் கண்டிக்கு வந்தவர் கோவாவின் ஜோசப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வேட்டையாடிய காலம். யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்து தமிழ் படித்த அவர் 1692இல் கண்டி எல்லைக்கு வந்ததும், போர்த்துக்கேய ஒற்றன் என்று மன்னனிடம் கோள் சொல்லிச் சிறையில் போடவைத்தவர் ஒரு பௌத்தர் அல்லர். அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சுக் கல்வினியர். கிறிஸ்தவன் கிறிஸ்தவனைத் தீர்ப்பிட்டான், பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் விசாரித்து விடுவித்தான். 1697இல் அம்மை பரவியபோது நகரத்தார் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். வாஸ் மதம் பாராமல் அவர்களைக் கழுவினார், ஊட்டினார், புதைத்தார். நோய் வந்தால் யார் செய்த பாவம் என்று கேட்பது எல்லா மதத்தாருக்கும் பழக்கம். யோவான் 9இல் சீடர்களே குருடனைக் காட்டி அதைத்தான் கேட்கிறார்கள். வாஸின் வரலாற்றில் அந்தக் கேள்வி எழுந்ததாகவே தெரியவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அதற்கு ஒன்றரை ஆண்டு முன் விமானத்தில் பத்திரிகையாளரிடம், ஒருபாலீர்ப்புள்ள ஒருவர் கடவுளைத் தேடுகிறார் என்றால் அவரைத் தீர்ப்பிடத் தான் யார் என்று கேட்டு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்.

ஆனால் கத்தோலிக்க மரபு தீர்ப்பைக் கைவிட்ட மரபு அல்ல. 1551இல் திரெந்துச் சங்கம் பாவசங்கீர்த்தனத்தை ஒரு நியாயாசனம் என்றே வரையறுத்தது. குருவானவர் அங்கே நீதிபதி. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் கண்டியில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். பொறுப்பேற்றவர் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி சலேஸ்கி, நடத்தியவர்கள் இயேசு சபையார். 1955இல் பூனாவுக்கு மாறும்வரை இந்தியா, இலங்கை முழுவதற்குமான குருக்கள் அங்கே உருவானார்கள். பாவத்தை வகைபிரித்து, சூழ்நிலையைக் கேட்டு, கனமானதா இலேசானதா என்று பார்த்து அபராதம் விதிக்கும் கலை அவர்கள் படிப்பில் முக்கியமான பகுதி. இந்த முறையை நான் முழுதாக நிராகரிக்க மாட்டேன். இங்கே குற்றவாளியே வழக்கைக் கொண்டுவருகிறார், அயலாரைப் பற்றிச் சொன்னால் குருவானவர் தடுக்க வேண்டும், கேட்டதை வெளியே சொன்னால் அவரே சபை விலக்குக்கு ஆளாவார். தீர்ப்பு உண்டு, ஊர்வாய் இல்லை. குறை எங்கே என்றால், கேட்கப்படும் கேள்விகளில். பூசைக்குப் போகாமை, உடல் இச்சை, கோபம், பொய் எல்லாம் துருவிக் கேட்கப்பட்டன. தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறாயா என்று எத்தனை தோட்டத்துரைமாரிடம் கேட்கப்பட்டது? கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று அதே திருச்சபையின் ஞானோபதேசம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

புரட்டஸ்தாந்தத் தரப்பில் ஆவணம் இன்னும் தெளிவு. 1818இல் சாமுவேல் லாம்ப்ரிக் கண்டியில் சர்ச் மிஷன் சங்கப் பணியைத் தொடங்கினார். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் பிறந்தது, பெயரே அதுதான். கோப்பித் தோட்டத்துரைமார் சந்தா போட்டார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்மார் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து லயங்களில் எழுத்தறிவித்ததும் ஜெபம் நடத்தியதும் அவர்கள்தான். அந்த உழைப்பை மறப்பது நன்றிகேடு. ஆனால் சந்தாப் பணம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் உபதேசியார் விரல் நீள வழியில்லை. தொழிலாளியின் குடி, தாலியில்லாத குடித்தனம், மாரியம்மன் திருவிழாவில் தேங்காய் உடைத்தது எல்லாம் பாவமாக எண்ணப்பட்டன. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி தோட்டத்தை விட்டு ஓடியவன் சிறைக்குப் போனான். ஓடவைத்த கங்காணிக் கடனும் பிடித்துவைத்த சம்பளமும் யாருடைய பாவக்கணக்கிலும் ஏறவில்லை. தவறணையைக் கண்டித்தவர்கள், அந்தத் தவறணைக் குத்தகையிலிருந்து அரசாங்கம் அள்ளிய வருமானத்தைப் பற்றி அவ்வளவு சத்தம் போடவில்லை.

அது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடலாம் என்றால், தோட்டச் சபைகளை அறிந்தவர்கள் தள்ளமாட்டார்கள். மாவட்டத்தின் ஒரு தோட்டத்துச் சபையில் நான் பார்த்தது இது. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்த இடத்தில் ஓர் இந்துப் பையனை விரும்பி, கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அடுத்த திருவிருந்தில் தாயைப் பந்திக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"புள்ள பண்ணுனதுக்கு நா என்னாங்க ஐயா செய்ய?" என்று அவர் ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்டார்.

"கமிட்டியில எடுத்த முடிவும்மா. ஒரு ஆறு மாசம் பொறுத்துக்குங்க" என்றார் மூப்பர்.

அந்த மூப்பர் கெட்டவர் அல்லர். மழை இரவில் லயத்தில் யாருக்காவது வலி வந்தால் ஓட்டோ பிடித்துப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். ஆனால் அந்த லயத்தில் பாதிப்பேருக்குச் சம்பள நாளில் அவர் வீட்டு வாசலில்தான் வேலை, வட்டி கொடுக்க. மத்தேயு 18 சொல்லும் முதல் படியான தனியாகப் போய்ப் பேசுவது அந்தப் பெண் விஷயத்தில் நடக்கவே இல்லை, நேரே சபைதான். வட்டி விஷயத்திலோ எந்தப் படியும் கிடையாது. பவுலின் வரிசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சொன்னால், அது வேறு, இது வேறு என்பார்கள்.

இப்படி ஒருவரின் குடும்பத்தைத் தீர்ப்பிடும் பழக்கம் ஆட்சியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டியில் ஒரு பாடப்புத்தக உதாரணம் உண்டு. கண்டியரிடையே சகோதரர் இருவர் ஒரு பெண்ணை மணப்பதும், விருப்பமில்லையேல் சடங்கில்லாமல் பிரிவதும் வழக்கில் இருந்தது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1859ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டம் பலதார மணத்தையும் பலகணவர் மணத்தையும் தடைசெய்து, பதிவுசெய்த கல்யாணமே கல்யாணம் என்றது. கண்டிப் பிரதானிகளே கேட்டுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அதை மறைத்துவிட்டுப் பழியை முழுக்க மிஷனரிமார் தலையில் போடுவது நேர்மையாகாது. ஆனால் ஒழுக்கமான கல்யாணம் எது என்பதற்கான அளவுகோல் விக்டோரியாக் கால ஆங்கிலேயக் கிறிஸ்தவருடையது. சனங்கள் பதிவாளரிடம் போகவில்லை. வழக்கப்படியே கூடினார்கள், பிரிந்தார்கள். விளைவு, ஊரறிய வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் முன் முறைதவறிப் பிறந்தவர்களாகி, காணிச் சொத்தில் சிக்கினார்கள். பாவத்தை ஒழிக்க வந்த சட்டம் பாவிகளை உற்பத்தி செய்தது. 1870இல் 3ஆம் இலக்கச் சட்டம் வந்து, இருவரும் சம்மதித்தால் மணவிலக்கு என்று இறங்கிவர வேண்டியிருந்தது. வெளியே இருப்பவனைத் தீர்ப்பிட உனக்கென்ன வேலை என்ற பவுலின் கேள்வி இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. 1883இன் தண்டனைக் கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் கிடப்பதும் இந்த வகைதான். அவற்றை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் அவை அசையவில்லை.

தீர்ப்பின் உச்சம் தூக்குமேடை. உத்துவன்கந்தையின் கொள்ளைக்காரன் சரதியேல் 1864 மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சபான் மார்ச் 21இல் சுடப்பட்டு இறந்த நாளைப் பொலிஸார் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கடைசி நாட்களில் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் சிறைக்குப் போய் அவனை ஆயத்தப்படுத்தினார். ஆத்துமாவுக்கு மன்னிப்பு, கழுத்துக்குக் கயிறு என்ற ஏற்பாட்டில் அன்று யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னர் 1876இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறையிலும் தூக்குமேடை இருந்தது. நாட்டில் கடைசித் தூக்கு 1976இல். 2018 ஜூலையில், சிறைக்குள்ளிருந்தே போதைப்பொருள் வியாபாரம் நடத்துவோரைத் தூக்கிலிடப்போவதாக ஜனாதிபதி சிறிசேன அறிவித்ததும், கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை ஆதரித்துப் பேசிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் விளக்கம் கொடுத்தார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 2இல், மரண தண்டனையை எந்த நிலையிலும் ஏற்கமுடியாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலை வத்திக்கான் திருத்தியது. ஓர் இறைவாக்கினரைப் போலப் பேச வேண்டிய இடத்தில் கர்தினால் ஊர் மனநிலையோடு பேசிவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

திசையை மாற்றியவர்களும் கண்டி வட்டாரத்தில்தான் இருந்தார்கள். இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவினார். 1968இல் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் மெடலினில் கூடிப் பேசிய பிறகு, அநீதியான அமைப்பையே பாவம் என்று சொல்லும் மொழி கத்தோலிக்க உலகில் பரவிக்கொண்டிருந்தது. கஸ்பர்ஸ் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். 1973, 74இல் தோட்டங்களில் சனங்கள் பட்டினியால் செத்தபோது, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழருக்காக இரண்டு மொழிகளிலும் பேசியவர்கள் அவர் வட்டத்தார். தொழிலாளி ஏன் குடிக்கிறான் என்ற பழைய கேள்வியை விட்டு, அவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று கேட்டார்கள். சபைகளில் இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. சாமியார் அரசியல் பேசுகிறார் என்றார்கள். குடியைக் கண்டிக்கும்போது மட்டும் அது அரசியலாகத் தெரிவதில்லை.

இன்னொருவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. கண்டியையும் உள்ளடக்கிய குருநாகல் அங்கிலிக்க மறைமாவட்டத்துக்கு 1962 முதல் ஆயர். 1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். திரும்பி வந்து, பாதிக்கப்பட்டவர்களைப் போய்ப் பார்த்து, செப்டெம்பரில் தன் மறைமாவட்டச் சங்கத்தின் முன் பேசினார். தமிழர்மேல் நடந்த கொலைக்கு எந்த ஒழுக்க நியாயமும் கிடையாது, சிங்களவரான நாம் வெட்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது பேச்சின் சாரம். புலிகள் முதலில் சுட்டார்களே என்ற வழக்கமான பதிலுக்கு அவர் இடம் வைக்கவில்லை. அன்றைய அரசாங்கத்தில் அவருடைய அண்ணன் மகன் ரணில் அமைச்சர். தன் இனம், தன் வர்க்கம், தன் குடும்பம் மூன்றும் அந்தத் தீர்ப்புக்குள் அகப்பட்டன. அக்டோபர் 23இல் மாரடைப்பில் இறந்துபோனார். உத்திரத்தை முதலில் எடு என்ற வசனத்தை ஒரு சமூகம் முழுவதற்குமான கடமையாக வாசித்த பிரசங்கங்களில், இந்த நாட்டில் அதற்கு நிகராக வேறொன்றை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கேள்வி புதிய கோணத்தில் வந்தது. இப்போது கிறிஸ்தவரே தீங்கு பட்டவர்கள். அடுத்த ஈஸ்டர் பூசையில் கர்தினால், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் கைகட்டி இருந்தவர்களை விசாரிக்கச் சொல்லி, 2021 மார்ச் 7இல் கறுப்பு ஞாயிறு அனுசரிக்க வைத்தார். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. மன்னித்தவர் ஏன் நீதி கேட்கிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அது பொருந்தாத கேலி. மன்னிப்பு தீங்கு பட்டவர் கொடுப்பது. விசாரணை இனி தீங்கு படக்கூடியவருக்காக நடப்பது. தூக்குக்குத் தலையாட்டிய அதே கர்தினால் இங்கே அந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தார் என்றே சொல்வேன்.

கண்டியாருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு பாக்கி இருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலநிலை வந்தது. நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த ஞாயிறு நான் போன ஆலயத்தில் பிரசங்கம் தவக்காலத்தைப் பற்றியது. நாவடக்கம், உபவாசம், கைப்பேசியில் பார்க்கக்கூடாதவை. திகன என்ற சொல் வரவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் அதே பிரசங்க மேடையிலிருந்து தீவிரவாதத்தின் பாவத்தைப் பற்றி வாரக்கணக்கில் கேட்டோம். முஸ்லிம் வியாபாரிகள் சிலர் எங்களோடு துக்கம் பகிர ஆலய வாசலுக்கு வந்தபோது அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தோம்; திகனவுக்கு எங்களில் யார் போனோம் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் பேச்செடுக்கவில்லை.